கஞ்சி போட்ட பாய்க்கயிறு

காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். தறியில் மிதிப்பலகையை மிதிக்கிற காலைத்தான் சொல்கிறார்கள். சும்மா ஆட்டுகிற காலை அல்ல. ஆனால் காஞ்சிபுரத்துக்காரன் எங்கே போனால் பிழைக்கலாம் என்று எவரும் சொல்லிவைக்கவில்லை. அதனால் நெசவாளர் சொசைட்டியில் 'சிங்கப்பூரில் கண்காட்சி, நாற்பது நாள், தறியில் உட்கார்ந்து நெய்து காட்ட வேண்டும், யார் போகிறீர்கள்?' என்று கேட்டபோது, எங்கள் பேட்டையான பிள்ளையார்பாளையமே ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது. நான் கையைத் தூக்கிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். பிறந்ததிலிருந்து தறிக்குழியில் காலை விட்டவனுக்கு அது உறைக்குமா?

திரும்பி வந்து மூன்று வருஷம் ஆகிறது. கேட்கிறவர்களுக்கெல்லாம் டிரான்சிஸ்டர், சென்ட், அடுக்குமாடி என்று எதையாவது சொல்லி அனுப்பிவிடுகிறேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாளே சிரிப்பாகிவிட்டது. எங்கள் தறிக்குக் குழி வேண்டும். சிமெண்டுத் தரை போட்ட மண்டபத்தில் எவன் குழி தோண்ட விடுவான்? தச்சர்கள் வந்து இடுப்பளவுக்கு மரமேடை கட்டி, நடுவில் ஓட்டை போட்டு, அதில் காலைத் தொங்கவிடச் சொன்னார்கள். மேலே நாங்கள் பட்டு நெய்கிறோம். கீழே பிள்ளைகள் குனிந்து எங்கள் காலை வேடிக்கை பார்க்கின்றன.

"இன்னா மாமா இது? சேலையப் பாக்க ஆளக் காணோம், உன் காலப் பாக்க க்யூ கட்டி நிக்கிறாங்க" என்றான் ஏகாம்பரம்.

ஏகாம்பரம் என் பெண்டாட்டியின் தம்பி. எங்கள் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோர்த்து நெய்ய ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் அவன். கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு மோசம்.

சாப்பாட்டுக்கு நாங்கள் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். மிளகும் சுக்கும் போட்ட எங்கள் கோயில் இட்லியைத் தின்று வளர்ந்த நாக்கு இது. அங்கே காலையிலேயே இலையில் தேங்காய்ப்பால் சோறு, மேலே பொரித்த நெத்திலி. நான் சோற்றைத் தின்றேன், ஏகாம்பரம் இரண்டு பேர் நெத்திலியையும் தின்றான். காப்பியைப் பழைய பால்டப்பாவில் ஊற்றி, கயிறு கட்டிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதைத் தூபக்கால் மாதிரி ஆட்டிக்கொண்டு அவன் தெருவில் நடந்தால், நமக்கே சாமி வந்துவிடும் போலிருக்கும்.

கண்காட்சி மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். பகலெல்லாம் சும்மா. நாலாம் நாள் கோயிலுக்குப் போகலாம் என்று தனியாக பஸ் ஏறினேன். கண்டக்டர் சீனர். "கோயில், கோயில்" என்றேன். புரியவில்லை. இரண்டு கையையும் கூப்பிக் காட்டினேன். அவரும் மரியாதையாக எழுந்து எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார். பஸ் கோயிலுக்குப் போகவில்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் கடல்.

மேட்டில் வெள்ளையடித்த இரண்டு மாடிக் கட்டடம், அது வெள்ளைக்காரர்களின் பாய்மரக் கிளப். கரையில் படகுக் கொட்டகை. தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு பாய்மரப் படகுகள். கொடியில் காயப்போட்ட வேட்டிகளெல்லாம் வீட்டுக்காரரோடு கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்ட மாதிரி இருந்தது. கொட்டகை வாசலில் அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் பிரிந்த கயிற்றை முறுக்கிச் சேர்த்துக்கொண்டே எதையோ திட்டிக்கொண்டிருந்தார். திட்டு தமிழில் இருந்தது. அந்நிய மண்ணில் தமிழில் ஒரு கெட்ட வார்த்தை கேட்டால் அது தேவாரம் மாதிரி காதில் விழும்.

என் வாய் சும்மா இருக்காது. "அப்டி இல்லபா, அந்தப் புரிய எதிர்ப்பக்கமா திருப்பு" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாருண்ணே நீங்க? கயித்து யாவாரமா?"

"பட்டு நூலு. காஞ்சிபுரம்."

"அடேங்கப்பா. எங்க கலியாணத்துக்கு எடுத்ததும் காஞ்சிபுரந்தான். எல்லாத்தையும் காஞ்சிபுரம்னுதான் விக்கிறானுங்க, எது நெசமோ!"

அப்படித்தான் மாரிமுத்து பழக்கமானார். நாகப்பட்டினத்துப் பக்கத்து ஆள், என்னைவிட மூன்று நாலு வயது சின்னவர். அந்தக் கிளப்பில் பதினாறு வருஷமாகப் படகு கழுவுகிறார், பாய் தைக்கிறார், உறுப்பினர்களின் பூட்ஸைத் தூக்குகிறார். விருந்து நாளில் மாடியில் தட்டும் ஏந்துவார். புதிதாகச் சேர்கிற உறுப்பினர்களுக்குப் பாய்மரம் ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் அவர்தான். ஆனால் அந்த வேலைக்கு வாத்தியார் என்று பெயரும் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்தவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பார். இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கற்றுக்கொடுப்பார்.

மறுநாளிலிருந்து தினமும், உறுப்பினர்கள் வருவதற்கு முன்னால், விடிந்தும் விடியாததுமாக, எட்டாம் நம்பர் படகில் என்னையும் ஏற்றிக்கொண்டார். அது கிளப்பின் பழைய படகு, வேறு யாரும் தொடமாட்டார்கள். முதல் மூன்று நாளும், பாயோடு பக்கத்துக்குப் பக்கம் வீசி ஆடுகிற அடிக்கட்டை என் மண்டையில் இறங்கியது. "கோயில் வாசப்படின்னு நெனச்சிக் குனிங்கண்ணே" என்றார். அதற்குப் பிறகு ஒழுங்காகக் குனிந்தேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான்: காற்று எதிரே அடிக்கும்போது காற்று வருகிற பக்கமே எப்படிப் போவது?

"நேராப் போனா நிப்பாட்டிப்புடும்ணே. வலது கன்னத்துல கொஞ்ச நேரம் வாங்கிக்கிட்டுப் போகணும், பெறகு இடது கன்னத்துல. கோணலாப் போயித்தான் நேராச் சேரணும். பெரிய மனுசங்ககிட்டக் காரியம் ஆகணும்னா அப்படித்தானே போறோம்?"

சட்டென்று பிடிபட்டுவிட்டது. தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா வலதும் இடதுமாகத்தான் ஓடுகிறது. சேலை நேராக வளரவில்லையா? பாயை இழுத்து அடக்குகிற பாய்க்கயிற்றைக் கையில் பிடித்தால், தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டின பாவு நூலைத் தொட்ட மாதிரியே இருந்தது. தொய்ந்தால் கெட்டது, அதிகம் இறுகினாலும் கெட்டது. பத்தாம் நாள் மாரிமுத்து சுக்கானைப் பிடிக்க, நான் கயிற்றைப் பிடிக்க, படகு சாய்ந்துகொண்டு பறந்தது. எங்கள் ஊர் சர்வதீர்த்தக் குளத்தில் நீந்தியதோடு என் தண்ணீர் விளையாட்டெல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தவன், முப்பத்தெட்டு வயதில் ஊளையிட்டுச் சிரித்தேன்.

கெட்ட நேரமும் அந்தக் கயிற்றிலேயே இருந்தது. பட்டு நெய்கிறவன் உள்ளங்கையில் ஒரு சொரசொரப்பு இருக்கக்கூடாது. இருந்தால் இழை மாட்டிப் பிசிறடிக்கும். நகத்தைக்கூட நாங்கள் பார்த்துப் பார்த்துத் தேய்த்துக்கொள்வோம். அந்தப் பாய்க்கயிறோ பழசு, உடம்பெல்லாம் பிசிறு. பத்து நாளில் என் கை தேங்காய் நார் ஆகிவிட்டது. சாயங்காலம் தறியில் உட்கார்ந்தால் பட்டு கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"காலையில கடல்ல கயிறு இழுத்துக்கினு, சாயங்காலம் பட்டக் கீறிக்கினு இருந்தியானா, ஊருக்குச் சேல போவாது மாமா. கோணிப்பைதான் போவும்" என்றான் ஏகாம்பரம்.

இருபதாம் நாள் மாரிமுத்து வேறு ஆளாக இருந்தார். வாத்தியாராக இருந்த வெள்ளைக்காரர் தன் தேசத்துக்கே கிளம்புகிறாராம். அந்த வேலையைத் தனக்குத் தரும்படி மாரிமுத்து கிளப் செக்ரட்டரியிடம் கேட்டிருக்கிறார்.

"'கடைசி ஞாயித்துக்கெழமை பந்தயத்துல நீயும் ஓட்டு மாரி. மொத மூணு படகுல வந்துட்டீன்னா நான் கமிட்டிகிட்டப் பேசுறேன்'ன்னாருண்ணே."

"வேல கெடச்சா இன்னா குடுப்பாங்க?"

"வீடுண்ணே. இப்ப இந்தக் கொட்டகையிலதான படுக்கிறேன். வாத்தியாருக்குன்னா பின்னால ரெண்டு ரூமு வீடு இருக்கு. பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்களையும் ஊருலேருந்து வரவழைச்சிரலாம். அதுங்களப் பாத்து ஆறு வருசம் ஆச்சு. சின்னது என்னைய போட்டோவுலதான் பாத்திருக்கு."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமேபா" என்றேன்.

"பூசாரி வாயால சொல்லிட்டாருல்ல. படகுக்கு ரெண்டு பேரு வேணும். உறுப்பினருங்க எவனும் நான் ஏவி, கயிறு இழுக்க வரமாட்டான். நீங்க வர்றீங்களா?"

வராமல் இருப்பேனா? அன்று முதல் காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டினோம். ஏகாம்பரம்கூடத் திட்டுவதை நிறுத்திவிட்டான். "அந்தாளுக்கு வூடு கெடைக்கட்டும் மாமா. கை அப்பால ஆறிக்கும்" என்று தேங்காயெண்ணெய் தடவிவிட்டான்.

பந்தயத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை. கமிட்டிக்காரர்களுக்கு மாடியில் மத்தியான விருந்து. மாரிமுத்துவை அங்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். கொட்டகையில் நான் தனியாக, எதிரே எட்டாம் நம்பர் படகு, அந்தப் பிசிறுக் கயிறு. என் கண்ணுக்கு அது கயிறாகத் தெரியவில்லை. கஞ்சி காணாத பாவாகத் தெரிந்தது.

எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவோம். அரிசிக் கஞ்சி தோய்த்து வெயிலில் காயவைப்போம். கஞ்சி ஏறிய இழைக்கு ஒரு மிடுக்கு வரும், பிசிறெல்லாம் படிந்துவிடும். நாங்கள் தங்கிய விடுதியின் சமையல்காரரிடம் ஒரு டப்பா கஞ்சி வாங்கிவந்தேன். இரண்டு சொட்டு நல்லெண்ணெயும் விட்டேன். கயிற்றைக் கழற்றி இரண்டு தென்னைக்கு நடுவே இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, தேங்காய் மட்டையால் ஒரே பக்கமாக நீவி நீவிக் காயவைத்தேன். சாயங்காலம் கண்காட்சிக்குக் கிளம்புகிற நேரத்தில் அது சாரைப்பாம்பு மாதிரி மின்னியது. கையை ஓட்டினால் எங்கேயும் தடுக்கவில்லை.

விருந்துக்கு நடுவே ஓடிவந்த மாரிமுத்து தடவிப் பார்த்தார். "என்னாண்ணே பண்ணுனீங்க? புதுக்கயிறு மாதிரியில்ல இருக்கு!"

"தொழில் ரகசியம்பா" என்றேன்.

அப்போதே சொல்லியிருந்தால் அவர் தலையில் அடித்துக்கொண்டு கழற்றி எறிந்திருப்பார். அவருக்குக் கடல் தெரியும். எனக்குத்தான் பெருமை.

ஞாயிறு காலை எட்டுப் படகுகள். மேட்டில் குடை போட்டு உறுப்பினர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். பத்திரிகை போட்டோகிராபர் ஒருவரும் வந்திருந்தார். நாங்கள் தண்ணீரில் இறங்கியபோது யாரோ இங்கிலீஷில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னாபா சொல்றாங்க?"

"'மாரி இன்னைக்குத் தட்டு கழுவலையா?'ங்குறாங்க."

காற்று மெல்லிசு, கடல் எண்ணெய் விட்ட மாதிரி. ஆறாவதாகக் கிளம்பினோம். கயிறு உருளையில் சத்தமில்லாமல் ஓடியது. "வெண்ணெயாட்டம் ஓடுதுண்ணே!" என்று பின்னாலிருந்து கத்தினார். வலது கன்னம், இடது கன்னம், வலது கன்னம். நாலாவது ஆனோம். மூன்றாவது ஆனோம். படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய கடைசி மிதவைக்குக் கொஞ்சம் முன்னால், கமிட்டிக்காரர் ஒருவரின் தம்பி மகன் படகையும் தாண்டி இரண்டாவதாகிவிட்டோம். அந்தப் பையன் எங்களைப் பார்த்த பார்வையில், மாரிமுத்துவுக்கு வீடு கிடைத்துவிட்டது என்றே நான் முடிவு செய்துவிட்டேன்.

அங்கேதான் காற்று ஏறியது. அலை எழும்பிப் படகுக்குள் தெறித்தது, முதலில் முகத்தில், பிறகு மடியில். மடியில்தான் கயிறு இருந்தது.

மிதவையைச் சுற்றித் திரும்பும்போது காற்று முதுகுப்பக்கம் வந்துவிடும். கயிற்றை இழுத்துப் பிடித்து, அடிக்கட்டை அந்தப் பக்கம் போனதும் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். "புடிங்கண்ணே, புடிங்க!" என்றார் மாரிமுத்து. பிடித்தேன். கை நிறையக் கூழ். இழுக்க இழுக்க விரலிடுக்கில் வெள்ளையாகப் பிதுங்கியது. கயிறு மீன் மாதிரி நழுவிப் போய்விட்டது. அடிக்கட்டை ஒரு முழு வீச்சாக அந்தப் பக்கம் போய் மோதியது. படகு அவசரமே படாமல், எருமை குளத்தில் படுக்கிற மாதிரி, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தோம். மாரிமுத்து கயிற்று முனையை எடுத்து மோந்து பார்த்தார்.

"என்னாண்ணே இது? சோத்து வாசனை வருது."

"கஞ்சிபா."

அவர் கயிற்று முனையைத் தண்ணீரில் விட்டார். படகுகள் எங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் படகு போகிறவரைக்கும் பார்த்தார்.

எங்கள் தெருவில் ஒரு துளி மழை விழுந்தால் போதும், "பாவு! பாவு!" என்று தெருவே எழுந்து ஓடி வந்து சுருட்டும். கஞ்சிக்குத் தண்ணீர் ஆகாது என்பது எங்கள் ஊர் நாய்க்கும் தெரியும். மழைக்கு அதுவும் கூடவே ஓடிவரும். நான் கஞ்சி போட்டது கடலில் இறங்கப் போகிற கயிற்றுக்கு. கடலில் தண்ணீர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வித்தை தெரிந்தவன் செய்கிற முட்டாள்தனம் முட்டாள் செய்வதைவிடப் பெரிது. அவனைத் தடுக்க ஆள் இருக்காது.

மோட்டார் படகில் எங்களைக் கரைக்கு இழுத்துவந்தார்கள். போட்டோகிராபர் என்னை மட்டும் நிற்கவைத்துப் படம் எடுத்தார். நெற்றியில் பாதி கரைந்த விபூதியும் ஈர நிஜாருமாக நின்றேன். செக்ரட்டரி வந்தார். நான் முந்திக்கொண்டு மாரிமுத்துவின் கையைப் பிடித்தேன்.

"சொல்லுபா இவருகிட்ட. தப்பு என்னுது. கயித்துக்குக் கஞ்சி போட்டவன் நானு, மாரிக்கு அது தெரியவே தெரியாது, அவரு ஓட்டுனதுல ஒரு கொறையும் இல்லன்னு சொல்லு. ஒரு வார்த்த விடாம சொல்லு."

மாரிமுத்து சொன்னது நாலே வார்த்தை. செக்ரட்டரி என் தோளைத் தட்டிச் சிரித்தார். பிறகு மாரிமுத்துவைப் பார்த்துத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு, எதையோ சொல்லிக்கொண்டே மேட்டுக்கு நடந்தார்.

"இன்னா சொன்னாரு?"

"'உன்னால முடியும்னுதான் நெனச்சேன், என்ன செய்யிறது'ன்னாரு."

"கஞ்சின்னு சொன்னியா இல்லியா?"

"சொல்லலண்ணே. என் கை வழுக்கிருச்சுன்னேன்."

"அடப்பாவி! ஏன்பா?"

"கை வழுக்குனுச்சுன்னா ஒரு வாரம் சிரிப்பானுங்க. கயித்துக்குக் கஞ்சி ஊத்துன படகுன்னா, நான் இங்க இருக்குற வரைக்கும் சிரிப்பானுங்க. நீங்க கப்பலேறிப் போயிருவீங்க. நான் இங்கதான இருக்கணும்?"



புதன்கிழமை பத்திரிகையில், கண்காட்சியில் பட்டு நெய்கிற இந்தியர் கடலில் கவிழ்ந்தார் என்று என் படம் வந்தது. கண்காட்சியில் கூட்டம் இரண்டு மடங்கு. இந்த முறை என் மூஞ்சியைப் பார்க்க. வியாழக்கிழமை கமிட்டி கூடியது. வாத்தியார் வேலை கமிட்டிக்காரரின் அந்தத் தம்பி மகனுக்கு. அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் முடிச்சு போட வராமல் மாரிமுத்து காலடியில் உட்கார்ந்து அழுத பிள்ளை அது. அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் செய்து, கடிதமாக அடித்து, மாரிமுத்து கையிலேயே எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர்தான் விடுதி வாசலில் நின்று படித்துச் சொன்னார்.

"இந்தியாவுலேருந்து வந்த கைவினைஞருக்கு மரியாதையா, நீங்க ஊருக்குப் போற வரைக்கும் கிளப்போட கௌரவ உறுப்பினர்ண்ணே. சனிக்கெழமை மாடியில தேநீரு. 'எங்கள் கிளப் எல்லோருக்கும் திறந்திருக்கிறது'ன்னு கடைசியா போட்டிருக்கு."

"எல்லாருக்கும்னா?"

"உங்களுக்கு."

ஏகாம்பரம் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நாடு வெள்ளக்காரன் கைய வுட்டுப் போச்சு இல்ல? காட்டுறதுக்கு ஒரு கறுத்த மூஞ்சி வேணும் மாமா. நாளைக்குக் கப்பல் ஏறிப் போயிடற மூஞ்சியா இருந்தா ரொம்பத் தோது."

"நான் போவமாட்டேன்" என்றேன்.

"போங்கண்ணே" என்றார் மாரிமுத்து. "நீங்க வரலைன்னா நான்தான் ஏதோ ஏத்திவிட்டேன்னு சொல்லுவானுங்க."

போனேன். கொட்டகைப் பக்கமாகவே பழகிய கால், அன்று முன்வாசல் படியேறிப் போயிற்று. மாடியில் பிரம்பு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். செக்ரட்டரி பேசினார், கை தட்டினார்கள், சட்டையில் கிளப்பின் சின்ன நங்கூர வில்லை ஒன்றைக் குத்திவிட்டார்கள். எழுந்து நின்று நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தட்டில் எலுமிச்சைச் சாறு ஏந்தி, ஒவ்வொரு நாற்காலியாக வந்துகொண்டிருந்தார்.

என் முன்னால் வந்ததும் என்னையறியாமல் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்கண்ணே" என்றார் மெதுவாக. "தட்டுக்கு இங்க யாரும் எந்திரிக்கிறதில்ல."

"எனக்கு வேணாம்பா மாரி."

"குடிச்சிருங்க. உறுப்பினர் மிச்சம் வச்சா, என்னா கொறைன்னு கீழ என்னையத்தான் கேப்பாங்க."

வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.